பல் நாற்காலியின் பொருளாதாரம்

பல் கிளினிக் நடத்த ஆகும் செலவில் பெரும்பகுதி, நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகிக்கொண்டே இருக்கும். பொது மருத்துவர் ஒரு மேசை, ஒரு ஸ்டெதஸ்கோப், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஆகியவற்றோடு தொழிலைத் தொடங்கிவிடலாம். பல் மருத்துவருக்கு அது நடக்காது. சிறிய அளவில் ஓர் அறுவை அரங்கையே கட்டிக்கொண்டுதான் அவர் முதல் நோயாளியை வரவேற்க முடியும். நாற்காலி, கம்ப்ரஸர், பல்லைக் குடையும் ஏரோட்டர், ஆட்டோகிளேவ், லைட் கியூர், எக்ஸ்ரே, படத்தைக் கணினித் திரையில் காட்டும் ஆர்விஜி சென்சார் என்று பட்டியல் நீளும். எக்ஸ்ரே வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். கழிவுகளை 2016ஆம் ஆண்டு விதிகளின்படி நிறம் பிரித்துக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997இல் இயற்றி 2018இல் விதிகள் வகுத்த மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவும் செய்தாக வேண்டும். இவை அத்தனையும் தேவையானவை என்பதே என் கருத்து. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. யாரோ ஒருவர் அதைக் கொடுக்கிறார்.

அந்த விலை எங்கே போய் விழுகிறது என்று பார்க்க ஒரு கணக்குப் போடலாம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஒற்றை நாற்காலியோடு இயங்கும் கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 20,000 ரூபாய். உதவியாளர் இருவருக்குச் சம்பளம் 22,000. கருவிகளுக்கு வாங்கிய கடனுக்குத் தவணை 25,000. கையுறை, பஞ்சு, மரத்துப்போக வைக்கும் ஊசிமருந்து போன்ற அன்றாடப் பொருள்கள் 10,000. மின்சாரம், கழிவு, பழுதுபார்ப்பு 8,000. மொத்தம் 85,000. தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கு மாறாது. மாதம் 25 நாள், நாளொன்றுக்கு 8 மணி நேரம் திறந்திருந்தால் 200 மணி நேரம் கிடைக்கும். அதில் பாதி நேரம் நாற்காலியில் ஆள் இருந்தாலே ஓரளவு ஓடுகிற கிளினிக் என்றுதான் சொல்ல வேண்டும். ஆக, வேலை நடக்கும் 100 மணி நேரம்தான் முழுச் செலவையும் சுமக்கிறது: மணிக்கு 850 ரூபாய். மருத்துவரின் சொந்த ஊதியம் இதில் ஒரு பைசாகூடச் சேரவில்லை.

இந்த 850 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பல் பிடுங்க 500 ரூபாய் வாங்கினால், அரை மணி நேரத்துக்கு 425 போக 75 மிஞ்சும். வேர் சிகிச்சைக்கு 4,000 ரூபாய் என்றால் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று முறை வரவழைத்து மொத்தம் இரண்டரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும், அதுவே 2,125. வேர்க்குழாயைத் தேய்க்கும் ஃபைல்களும் அடைக்கும் பொருள்களும் 600. மிச்சம் 1,275. சிக்கலான கடைவாய்ப் பல் என்று வெளியிலிருந்து நிபுணரை அழைத்து அவருக்கு 2,000 கொடுத்தால் கைக்காசு போகும். பிறகு ஏன் எல்லோரும் வேர் சிகிச்சை செய்கிறார்கள்? அதன்மேல் போடும் கேப்புக்காக. கேப்புக்கு 4,000 வாங்கி, அதைச் செய்து தரும் லேபுக்கு 1,000 கொடுத்து, ஒரு மணி நேர நாற்காலிச் செலவைக் கழித்தால் 2,150 ரூபாய் நிற்கும். வேர் சிகிச்சை முடிந்து வலி போனதும் கேப் போட வராமல் இருந்துவிடும் நோயாளியால் பல்லுக்கும் கேடு, கிளினிக்குக்கும் நஷ்டம்.

இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. வாயைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்து, ஈறை அளந்து, நாக்கின் ஓரத்தையும் கன்னத்தின் உட்பகுதியையும் தடவிப் பார்த்து, "ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லி அனுப்புவது. இதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். செலவு சுமார் 210 ரூபாய். வரவு பல கிளினிக்குகளில் பூஜ்யம். சிலவற்றில் 100 அல்லது 200. பல் மருத்துவத்தில் நோயாளிக்கு அதிகப் பயன் தரும் வேலை இதுதான். புகையிலைப் பழக்கம் மலிந்த நாட்டில் வாய்ப்புற்றை முதலில் காணக்கூடிய இடமும் இந்த நாற்காலிதான். அந்த வேலைக்கே சம்பளம் இல்லை. பல் மருத்துவத் தொழிலைப் பற்றி எழும் புகார்களில் பெரும்பாலானவை, சென்னையிலிருந்து லண்டன் வரை, இந்த ஒரு முரணிலிருந்து பிறப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கிளினிக்கின் செலவு நேரத்தால் ஆகிறது. வரவோ பல்லில் கைவைத்தால் மட்டும் வருகிறது.

'இலவசப் பரிசோதனை' என்ற பலகையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பரிசோதனைக்கு ஆகும் 210 ரூபாயை யாரோ கொடுத்தாக வேண்டும். இலவசமாகப் பார்த்த பத்துப் பேரில் ஏதாவது செய்துகொள்ளச் சம்மதிக்கும் மூன்று நான்கு பேர்தான் அதைக் கொடுக்கிறார்கள். அந்த மூன்று பேரை ஐந்து பேராக்க வேண்டும் என்ற அழுத்தம் எந்த மருத்துவரின் மனத்தில் எவ்வளவு வேலை செய்யும் என்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. நான் அறிந்த பல் மருத்துவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். ஆனால் ஒரு தொழிலின் வருமான அமைப்பு தன் ஆட்களின் நேர்மையை நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது.

நோயாளியின் பக்கத்துக் கணக்கு வேறு. சிற்றூர் கிளினிக் ஒன்றில் மாலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தால் இதைக் கண்ணாரக் காணலாம். கன்னம் வீங்கிய பெண்மணி, கூடவே கணவர். மருத்துவர் திரையில் படத்தைக் காட்டி, பல்லைக் காப்பாற்றலாம், கேப்போடு சேர்த்து 8,000 ஆகும் என்கிறார். கணவர் மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். அவர் முந்தானையால் கன்னத்தை அழுத்தியபடி, "புடுங்கிடுங்க டாக்டர், இன்னொரு தடவை வந்துட்டுப் போக முடியாது" என்கிறார். மருத்துவர் ஒருமுறை எடுத்துச் சொல்லிப் பார்ப்பார், "கடைசியா எவ்வளவு சார்?" என்று கணவர் பேரம் பேசிப் பார்ப்பார், பிறகு ஊசி போடப்படும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2025–26இல் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அப்படிப் பார்த்தால் 8,000 ரூபாய் என்பது கிட்டத்தட்ட 24 நாள் கூலி. பல் பிடுங்குவது ஒன்றரை நாள் கூலி. அவர்கள் அறியாமையால் பல்லை இழப்பதாகச் சொல்வது அநியாயம். அவர்கள் போடும் கணக்கு சரியாகவே இருக்கிறது. நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் விபத்தால் அடிபட்ட பல்லைத் தவிர மற்றப் பல் சிகிச்சையைப் பெரும்பாலும் விலக்கியே வைத்திருப்பதால், முழுத் தொகையும் கைக்காசு.

இத்தனை பேருக்குப் பல் கெட்டிருக்கிறது. ஆனாலும் நாற்காலிகள் பாதி நேரம் காலியாகக் கிடக்கின்றன. இந்த நிலைக்கு எப்படி வந்தோம்?

கல்கத்தாவில் 1920இல் ஆர். அகமது தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது பட்டம் பெற்றவர்கள் மிகக் குறைவு. அதனால் பதிவேட்டை இரண்டாகப் பிரித்து, பட்டம் இல்லாமல் அதையே பிழைப்பாகச் செய்துவந்தவர்களையும் 'பி' பகுதியில் சேர்த்துக்கொண்டார்கள். சீனாவிலிருந்து வந்து இந்திய நகரங்களில் தலைமுறைகளாக இப்படிப் பல் கட்டிவந்த குடும்பங்கள் சென்னையிலும் உண்டு. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் ஆரம்பமானது. அதன் பிறகு நெடுங்காலம் பல் மருத்துவர் என்பவர் அரிய ஆள்.

தனியார் கல்லூரிகள் பெருகியதும் நிலைமை தலைகீழானது. இன்று நாட்டில் 300க்கும் அதிகமான பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 25,000க்கும் மேற்பட்ட பிடிஎஸ் இடங்கள். கர்நாடகம், மகாராஷ்டிரம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அவை குவிந்துகிடக்கின்றன. இடம் நிறையவில்லை. 2020–21 கல்வியாண்டில் சுமார் 7,000 இடங்கள் காலியாக நின்றபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் நீட் தகுதி விழுக்காட்டு நிலையைப் பத்துப் புள்ளி குறைக்கச் சொன்னது. தனியார் கல்லூரிகள் கட்டணத்தைக் குறைப்பது பற்றி யோசிக்கலாம் என்றும் சுட்டிக்காட்டியது. படித்து முடித்தால் என்ன வருமானம் வரும் என்று பெற்றோர் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்; காலி இடங்களுக்குப் பெரிய காரணம் அதுதான்.

ஐந்தாண்டு படித்து, ஆண்டுக்குச் சில லட்சம் கட்டணம் கட்டி வெளியே வரும் பிடிஎஸ் பட்டதாரி, நகரத்து கிளினிக்கில் 15,000 ரூபாய் அளவுச் சம்பளத்துக்கு உதவி மருத்துவராகச் சேர்வது இன்று வியப்பே இல்லை. இவர்களில் பெண்கள் பெரும்பான்மை. சொந்தமாக கிளினிக் வைக்கப் பணம் வேண்டும். வங்கிக் கடனுக்கு ஈடு வேண்டும். நகையை அடகு வைத்துத் தொடங்கிய கிளினிக்குகள் எத்தனையோ. அரசுப் பணியிடங்களோ விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் அறிவிக்கப்படுகின்றன. ஆகவே அத்தனை பேரும் நகரத்துக்கே வருகிறார்கள், ஒரே தெருவில் நான்கு பலகைகள் தொங்குகின்றன. போட்டியில் விலை இறங்க வேண்டும்தானே என்று கேட்கலாம். பரிசோதனைக் கட்டணம்தான் முதலில் இறங்கியது. இறங்கக்கூடாத இடத்தில் இறங்கியது.

சென்னையின் ஓரங்களில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளே கிளினிக்குகளுக்குப் போட்டி. மாணவர்கள் கற்க நோயாளிகள் வேண்டும் என்பதால் முகாம் நடத்தி, பேருந்து அனுப்பி அழைத்துவந்து குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தருகிறார்கள். ஏழைகளுக்கு இது மெய்யான உதவி. அதே கல்லூரியில் படித்து அதே வட்டாரத்தில் கிளினிக் வைத்தவருக்கு அது தலைவலி.

இந்தச் சூழலில் உருவான ஓர் ஏற்பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும்: வருகை நிபுணர். எம்டிஎஸ் முடித்த வேர் சிகிச்சை நிபுணரோ வாய் அறுவை நிபுணரோ தனி கிளினிக் வைக்காமல், ஊரெங்கும் பல கிளினிக்குகளுக்குப் போய்வருகிறார். தோளில் ஒரு பை. அதில் ஃபைல்களைச் சுழற்றும் எண்டோமோட்டார், வேர் நுனி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் அபெக்ஸ் லொகேட்டர், அளவு வாரியாக அடுக்கிய ஃபைல்கள், கண்ணாடியில் மாட்டும் உருப்பெருக்கி. இருசக்கர வாகனத்தில் வந்து, ஒரு பல்லை முடித்துவிட்டு, பங்கை வாங்கிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குக் கிளம்புகிறார். பாதிக்குப் பாதி என்றோ பல்லுக்கு இவ்வளவு என்றோ பேச்சு. திறமையை ஒரு நாற்காலியில் கட்டிப்போடாமல் பல நாற்காலிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இந்த ஏற்பாட்டால், சிறு ஊர் நோயாளிக்கும் நிபுணரின் கை கிடைக்கிறது. சட்டமோ திட்டமோ சொல்லி வந்ததல்ல இது; மருத்துவர்களே தொழிலுக்குள் கண்டுபிடித்துக்கொண்டது. இதில் ஒரே குறை, ஆறு மாதம் கழித்து அந்தப் பல்லில் வலி வந்தால் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இருப்பதில்லை.

வருமான வரிச் சட்டமும் இந்தத் தொழிலைச் சரியாகப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. 1961 சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு, குறிப்பிட்ட வரம்புக்குள் வரவு உள்ள மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத் தொல்லையிலிருந்து விடுபட வழி செய்தது. ஆலோசனை மட்டும் சொல்பவருக்கு அது சலுகை. வாடகை, தவணை, லேப் பில், நிபுணர் பங்கு எல்லாம் போன பிறகு பல் மருத்துவருக்குப் பாதி மிஞ்சுவது கடினம். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

தனி கிளினிக்குகள் செலவுக்கும் வரவுக்கும் நடுவே திணறும் இந்த இடைவெளியில்தான் சங்கிலி கிளினிக்குகள் நுழைந்தன. 2011இல் டெல்லியில் தொடங்கிய குளோவ் டென்டல் இன்று பல நகரங்களில் சில நூறு கிளினிக்குகளாக விரிந்திருக்கிறது. அப்போலோவும் பல் பிரிவு நடத்துகிறது. மொத்தமாக வாங்குவதால் பொருள் மலிவு, விளம்பரத்துக்குப் பணம் உண்டு, நோயாளிக்கு மாதத் தவணையில் சிகிச்சை கொடுக்க முடிகிறது. கருவிகளைச் சுத்தப்படுத்தும் முறையிலும் பதிவேடுகளிலும் சங்கிலிகள் தனி கிளினிக்குகளுக்கு முன்னுதாரணமாக இருக்க முடியும், இதை மறுப்பதற்கில்லை. ஆனால் தனி மருத்துவர் விளம்பரம் செய்வதைப் பல் மருத்துவர்களுக்கான 2014 ஒழுக்க விதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருக்க, நிறுவனங்களின் விளம்பரங்கள் பெருகுவது நியாயமான போட்டி ஆகாது. அதைவிட முக்கியமானது, மாத இலக்கு. மருத்துவருக்கு ஊக்கத்தொகை அவர் செய்த வேலையின் தொகையைப் பொறுத்தது என்றால், நான் மேலே சொன்ன முரண் சம்பளப் பட்டியலிலேயே ஏறிவிடும்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்கா காட்டியிருக்கிறது. அங்கே பல மாநிலங்களில் பல் மருத்துவர் அல்லாதவர் கிளினிக்கின் உரிமையாளராக இருக்க முடியாது. அதைச் சுற்றிவர 'நிர்வாக உதவி நிறுவனம்' என்ற வடிவம் வந்தது. காகிதத்தில் கிளினிக் மருத்துவருடையது. கட்டடம், ஆட்கள், பில், விளம்பரம் எல்லாம் நிறுவனத்தின் கையில். 2018இல் அத்தகைய பெரிய நிறுவனமான ஹார்ட்லேண்ட் டென்டலின் பெரும்பங்கை கேகேஆர் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. இந்த அமைப்பில் நன்றாக நடப்பவையும் உண்டு. ஆனால் 'ஸ்மால் ஸ்மைல்ஸ்' என்ற குழந்தைகள் பல் கிளினிக்குகளின் கதையை யாரும் மறக்கக் கூடாது. ஏழைக் குழந்தைகளுக்கான மெடிக்கெய்டு திட்டம் வேலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. தேவையில்லாத பால்பல் வேர் சிகிச்சைகளும் ஸ்டீல் கேப்புகளும் செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2010 ஜனவரியில் நிர்வாக நிறுவனம் 2.4 கோடி டாலர் கொடுத்து அரசோடு சமரசம் செய்தது. 2012இல் திவால் மனு போட்டது.

மருத்துவரை நேரில் பார்ப்பதையே விலக்கிப் பார்த்த முயற்சியும் நடந்தது. ஸ்மைல்டைரக்ட்கிளப், நோயாளியே வீட்டில் அச்செடுத்து அனுப்பினால் பல்லைச் சீராக்கும் அலைனரைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லி 2014இல் தொடங்கியது. நாற்காலிச் செலவே இல்லாத பல் மருத்துவம் என்ற கனவு அது. 2023 டிசம்பரில் திடீரென்று மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் போய் உட்கார ஒரு நாற்காலி இல்லாமல் நின்றார்கள்.

அரசு முழுப் பொறுப்பேற்றால் சரியாகிவிடுமா? இங்கிலாந்தின் அனுபவம் நம்மைப் போன்றவர்களுக்கு அமெரிக்காவைவிட முக்கியம். தேசிய சுகாதாரச் சேவை 1948இல் பல் சிகிச்சையை இலவசமாகத்தான் தந்தது. 1951இலேயே பல் செட்டுக்குக் கட்டணம் வந்துவிட்டது. 2006இல் வந்த ஒப்பந்தம் பல் வேலைகளை 'அலகு'களாக எண்ணியது. பரிசோதனைக்கு ஓர் அலகு, பல் அடைப்பதற்கு மூன்று, கேப்போ பல் செட்டோ என்றால் பன்னிரண்டு. ஒரு பல்லை அடைத்தாலும் மூன்று அலகுதான், ஆறு பல்லை அடைத்து வேர் சிகிச்சையும் செய்தாலும் அதே மூன்று அலகுதான். விளைவை யாரும் ஊகிக்கலாம்: வாய் மிகவும் கெட்ட ஏழை நோயாளி கிளினிக்குக்குச் சுமையானார். ஆண்டு இலக்கை எட்டாவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால், மருத்துவர்கள் அரசு வேலையைக் குறைத்துத் தனியார் நோயாளிகளிடம் போனார்கள். 2022இல் சில திருத்தங்கள் செய்து, மூன்று பல்லோ அதற்கு மேலோ என்றால் ஐந்து அலகு, கடைவாய்ப் பல் வேர் சிகிச்சைக்கு ஏழு அலகு என்று மாற்றினார்கள். காலம் கடந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் புதிதாகத் திறந்த ஒரு கிளினிக்கில் பெயர் பதிய நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்க, போலீஸ் வந்து ஒழுங்குபடுத்தும்படி ஆனது.

அதே நாட்டில்தான் 1986இல் டென்பிளான் என்ற வேறொரு வழியும் பிறந்தது. நோயாளி மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தன் பல் மருத்துவருக்குக் கட்டுகிறார். பரிசோதனையும் சுத்தம் செய்வதும் திட்டத்தைப் பொறுத்து சிகிச்சையும் அதில் அடக்கம். பல் கெடாமல் இருந்தால் மருத்துவருக்கு லாபம். வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே எட்டியது என்பது அதன் குறை. ஆனால் வருமானத்தின் திசையைத் திருப்பிக் காட்டியது.

இங்கே என்ன செய்யலாம்? முதல் வேலையை மருத்துவர்களே தொடங்கலாம். பரிசோதனைக்கு 200, 300 என்று ஒரு கட்டணத்தை வாங்கிக்கொண்டு, எந்தப் பல்லுக்கு என்ன தேவை, எது உடனே, எது காத்திருக்கலாம், எதற்கு ஒன்றும் வேண்டாம் என்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளோடு வேறு கிளினிக்குக்குப் போகவும் நோயாளிக்கு உரிமை இருக்க வேண்டும். இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் கூட்டம் குறைந்தாலும் பிறகு நம்பி வருபவர்கள் கூடுகிறார்கள் என்று சொல்கிறார்கள். மருத்துவர் சங்கங்கள் ஊர் அளவில் சேர்ந்து முடிவெடுத்தால் தனி ஆளுக்கு நஷ்ட பயம் இருக்காது.

அடுத்தது அரசின் வேலை. இந்திய பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக ஆணையம் அமைக்க 2023இல் சட்டம் வந்தது. கல்வி, தேர்வு, பதிவு ஆகியவற்றை அது விரிவாகப் பேசுகிறது. படித்து வந்தவர் எதைச் செய்து பிழைப்பார் என்பது அதன் எல்லைக்குள் இல்லை. மாநில அரசு அந்த இடத்தில் நுழைய முடியும். நான் போட்ட கணக்கில் ஒரு நாற்காலி மாதம் 100 மணி நேரம் காலியாக இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பகுதியை அரசு விலைக்கு வாங்கலாம். வாடகையும் தவணையும் எப்படியும் போய்க்கொண்டிருப்பதால், காலி நேரத்தைக் குறைந்த விலைக்குக் கொடுக்க மருத்துவர்களுக்கும் கட்டுப்படியாகும். ஆனால் இங்கிலாந்து செய்ததைப் போல அலகு எண்ணி வாங்கக் கூடாது. அமெரிக்காவின் மெடிக்கெய்டு போலக் கேப் எண்ணியும் வாங்கக் கூடாது. மணிக்கணக்கில் வாங்க வேண்டும், அல்லது ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று வாங்க வேண்டும்.

குழந்தைகளிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியகிரம் 2013 முதல் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அது தேடும் குறைகளின் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. கண்டுபிடித்த பிறகு அருகில் போக இடம் வேண்டும். ஆறு வயதில் பால்பல்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பால்பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களில்தான் சொத்தை முதலில் பிடிக்கும். அந்தப் பள்ளங்களை சீலன்ட் வைத்து மூட ஊசி வேண்டாம், ஏரோட்டர் வேண்டாம். மேலும் கீழும் இரு பக்கமும் முளைக்கும் அத்தகைய நான்கு பல்லுக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும். ஒரு நாற்காலி மாதத்தில் 20 மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் 40 குழந்தைகளுக்குச் செய்துவிடலாம், பத்து மாதத்தில் 400 பேருக்கு. ஒரு சிறு நகரத்துப் பள்ளிகளின் முதல் இரண்டு வகுப்புகளை முடிக்க அப்படி நான்கைந்து கிளினிக்குகள் போதும். அந்த நான்கைந்து கிளினிக்குகள் இன்று பெரும்பாலும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன.